மெக்கானிக் முதலில், கார் பிறகு

காவிரி டெல்டாவில் பழைய டிராக்டர் வாங்கப் போகிற விவசாயி, வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்: "இதுக்கு நம்ம பக்கத்துல யாரு கை வைப்பா?" பதில் சரியாக வரவில்லையென்றால், பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வாய்க்காலில் தண்ணீர் வந்து, உழவுக்கு நாள் குறித்த பிறகு டிராக்டர் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அதே வீட்டுப் பிள்ளை கும்பகோணத்தில் வங்கி வேலையில் இருக்கிறார், அல்லது குடவாசல் வீட்டு மாடியில் உட்கார்ந்து சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிறார். இரவு பதினோரு மணிக்குக் கைபேசியில் சிவப்பு நிற ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி கார் ஒன்று கண்ணில் படுகிறது. ஒரே ஓனர், ஐம்பதாயிரம் கிலோமீட்டர், நான்கு லட்சம். அப்பா கேட்கும் கேள்வி அந்த நேரத்தில் பிள்ளைக்கு நினைவு வருவதில்லை.

வேக கார் மீது ஆசைப்படுவதில் தப்பு ஒன்றும் இல்லை. வேலையும் கெடாமல், சேமிப்பும் கரையாமல் அந்த ஆசையை எப்படி நடத்துவது என்பதுதான் விஷயம். குடவாசல் மாதிரி ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வரிசையை மாற்றினால் பணம் போகும்.

ஏன் இவ்வளவு மலிவு?

2013-இல் போலோ ஜிடி டிஎஸ்ஐ வந்தபோது ஷோரூம் விலையே சுமார் 8 லட்சம். இன்று அதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், சந்தை எதையோ கணக்கில் எடுத்திருக்கிறது. எதை என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

ஒன்றை மனதில் வையுங்கள். விலை இறங்கியது வண்டிக்குத்தான், உதிரிபாகத்துக்கு இல்லை. 40 லட்சத்துக்கு விற்ற கார் உங்களிடம் 8 லட்சத்துக்கு வரலாம். அதன் ஹெட்லைட் உடைந்தால் கடைக்காரர் 40 லட்சம் ரூபாய் காருக்கான ஹெட்லைட் விலையைத்தான் சொல்வார். யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசக் கூடாது என்பார்கள். அங்குசத்தின் விலையை யானை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுவது உத்தமம்.

சம்பளக் கணக்கு

கைக்கு வரும் சம்பளம் மாதம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். கடன் தவணை, இன்சூரன்ஸ், ரிப்பேருக்கு ஒதுக்குவது மூன்றும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 12,000-ஐத் தாண்டக் கூடாது. பெட்ரோல் இதில் சேராது.

வண்டி விலை 4 லட்சம். கையிலிருந்து 1,60,000 போட்டு, மீதி 2,40,000-ஐ 14 சதவீத வட்டிக்கு மூன்று வருடக் கடனாக எடுத்தால் தவணை சுமார் 8,200 வரும். புது கார் கடனைவிடப் பழைய கார் கடனுக்கு வட்டி கூடுதல் என்பதால்தான் 14 என்று வைத்தேன். இன்சூரன்ஸுக்கு மாதக் கணக்கில் 1,300. ரிப்பேர் உண்டியலுக்கு 2,500. மொத்தம் 12,000. எல்லைக்குள் நிற்கிறது.

ஆனால் இது பாதிக் கணக்கு. இத்துடன் வண்டி விலையில் கால் பங்கு, இங்கே ஒரு லட்சம், வாங்குவதற்கு முன்பே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். முதல் வருடம் பழைய வண்டி தன் நோய் எல்லாவற்றையும் புது ஓனரிடம்தான் சொல்லும். டயர், பேட்டரி, பிரேக், சஸ்பென்ஷன் புஷ், எல்லா ஆயிலும் என்று வரிசையாக வரும். ஆக, 4 லட்சம் காருக்குக் கையில் 2,60,000 ரொக்கம் வேண்டும். இல்லையென்றால் ஒரு வருடம் பொறுங்கள், அல்லது 3 லட்சம் காரைப் பாருங்கள். ரிப்பேர் செலவைக் கிரெடிட் கார்டில் தேய்க்கிற நிலைமைக்குப் போகக் கூடாது.

ஒன்பதரை மணிச் சோதனை

காலை 8.45-க்கு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. 9.30-க்கு நீங்கள் கும்பகோணத்தில் உங்கள் நாற்காலியில் உட்கார முடியுமா?

பைக் இருக்கிறது, அல்லது திருவாரூர்–கும்பகோணம் பஸ் வாசலில் வருகிறது என்றால் சோதனையில் தேறிவிட்டீர்கள். பைக்கை விற்றுத்தான் கார் வாங்குவேன் என்றால் தேறவில்லை. அந்தப் பைக்தான் உங்கள் வேலைக்குக் காப்பீடு.

வேலையே வண்டியில்தான் என்று இருப்பவர்கள், அதாவது மருந்துக் கம்பெனி பிரதிநிதி, கடன் வசூல் அதிகாரி, சைட் இன்ஜினியர் போன்றவர்கள், இத்தகைய காரை ஒரே வண்டியாக வைத்துக்கொள்ளவே வேண்டாம். அவர்களுக்கு எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடைக்கிற மேனுவல் கியர் ஸ்விஃப்ட் போதும். ஆசைக்கு இரண்டாவது வண்டி பிறகு வரட்டும்.

இன்னொரு செலவை யாரும் எழுதி வைப்பதில்லை. அது விடுப்பு. கம்பெனி சர்வீஸ் சென்டர் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கும். திருச்சி போக வேண்டுமென்றால் ஒரு பக்கமே நூறு கிலோமீட்டருக்கு மேல். காலையில் விட்டு மாலையில் எடுக்க ஒரு நாள். பாகம் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றால் இன்னொரு நாள். வருடத்துக்கு ஐந்தாறு விடுப்பு இதற்குப் போகும் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விடுப்பு மிச்சமிருக்க வேண்டும் இல்லையா?

எந்த வண்டிக்கு எந்த நோய்

நம் ஊர்ப் பட்ஜெட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு கதவு, தாழ்ந்த கூரை எல்லாம் இல்லை. குடும்பத்தோடு கோயிலுக்கும் போகலாம், விடிகாலையில் தனியாக ஓட்டினால் முகத்தில் சிரிப்பும் வரும் என்கிற வகைதான். அடிக்கடி சந்தைக்கு வருபவை இவை.

போலோ ஜிடி டிஎஸ்ஐ: 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். ஓட்ட அருமை. நோய் கியர்பாக்ஸில். டிக்யூ200 என்று பெயர். இரண்டு கிளட்ச், இரண்டும் எண்ணெயில் மூழ்காத உலர் வகை. ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடேறும். அதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் என்ற மின்னணு–ஹைட்ராலிக் பெட்டி இரண்டாவது தலைவலி. 2013-இல் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களை இந்த டிஎஸ்ஜி பிரச்சினைக்காக ஃபோக்ஸ்வாகன் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களில் கியர்பாக்ஸின் செயற்கை எண்ணெயை மாற்றி மினரல் எண்ணெய் ஊற்றும் வேலை நடந்தது. சூடும் ஈரப்பதமும் நின்று நின்று போகும் ஓட்டமும் சேர்கிற இடத்தில் செயற்கை எண்ணெயால் மின்கோளாறு வரக்கூடும் என்பதே காரணம். நம் ஊர் சித்திரை மாதம் கண்முன் வருகிறதா? 2020 முதல் வந்த 1.0 டிஎஸ்ஐ போலோவில் ஆட்டோமேட்டிக் என்றால் வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் வகை, ஆறு கியர். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் வேலைக்குப் போகிறவருக்கு அது நிம்மதி. 2022-இல் போலோ உற்பத்தி நின்றுவிட்டதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்: 2017-இல் வந்தது 230 குதிரைத்திறன், 2020-இல் வந்தது 245. இதில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கிய வகை, உலர் வகையைவிடத் தாங்கும். ஆனால் அந்த எண்ணெயைக் காலத்தில் மாற்ற வேண்டும். 2017 வண்டியின் ஆறு கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டர் கணக்கு. மாற்றிய பில் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபியட் அபார்த் புன்டோ: 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், மேனுவல் கியர். கெட்டியான இயந்திரம். ஆனால் பிஎஸ்-6 புகை விதி வருவதற்கு முன்பே ஃபியட் கார்கள் இந்தியச் சந்தையை விட்டுப் போய்விட்டன. பம்பர், கண்ணாடி, விளக்கு போன்றவை எங்கே கிடைக்கும் என்று தெரிந்த பிறகு பேசுங்கள். கம்பெனி போனால் மறுவிற்பனை விலையும் கூடவே போகும். ஃபோர்டு 2021-இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாகச் சொன்னபோது, நம் மறைமலை நகரில் செய்த வண்டிகளுக்கே அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது.

பிஎம்டபிள்யூ 320டி: இந்தக் கம்பெனி 2007-இலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் தொழிற்சாலை வைத்து கார் பூட்டுகிறது. பழைய 320டி சில சமயம் புது ஹேட்ச்பேக் விலைக்கே வந்துவிடும். என்47 என்ற அதன் டீசல் இன்ஜினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கமாகப் பின்னால் இருக்கிறது. தேய்ந்தால் மாற்றுவதற்கு இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி பயமுறுத்தும். 2011-க்கு முந்தைய வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை.

அசல் ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டும் என்று போர்ஷே பாக்ஸ்டர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரே வரி. 1997 முதல் 2008 வரையிலான இன்ஜின்களில் ஐஎம்எஸ் பேரிங் என்று உள்ளங்கை அளவு பாகம் ஒன்று இருக்கிறது, அது உடைந்தால் இன்ஜினே போகும். மாற்றிய சான்று இல்லாமல் தொடாதீர்கள்.

பார்க்கப் போகும் நாள்

காலை ஆறரைக்குப் போங்கள். "நான் வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் போனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்குக் காட்டக் கூடாத சத்தம் ஒன்று ஏற்கெனவே அடங்கிவிட்டது. குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் மூன்று விநாடியில் செயின் கலகலத்தால் கேட்டுவிடும். பின்னால் ஒரு நண்பரை நிறுத்தி எக்ஸாஸ்ட் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. விடாத வெள்ளை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது.

அடுத்து ஸ்கேனர். பழுதுக் குறியீடுகளை அழித்துவிட்டு வண்டியைக் காட்டுவது பழைய தந்திரம். அதனால் ஓட்டுவதற்கு முன் ஒருமுறை, ஓட்டிய பின் ஒருமுறை என்று இரண்டு தடவை படியுங்கள். இன்ஜின் மென்பொருளை மாற்றித் திறனை ஏற்றியிருக்கிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். கோவை, சென்னைப் பக்கத்து வண்டி என்றால் செட்டிப்பாளையம், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடங்களில் ஓடியதா என்றும் கேளுங்கள். ஓடியிருந்தால் குற்றமில்லை, மறைத்தால்தான் குற்றம்.

டிஎஸ்ஜி வண்டி என்றால் ஓட்டிப் பார்க்கும் முறை வேறு. வேகமாக ஓட்டிக் காட்டுவார்கள், அதில் மயங்காதீர்கள். நடக்கும் வேகத்தில் பத்து நிமிடம் ஊர விடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகும்போது உடம்பு உதறுகிறதா? டெல்டாவில் மேடு என்றால் பாலம்தான். பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி, ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். தயங்கினாலோ, உதறினாலோ, கியர் எண் மினுக்கினாலோ, கிளட்ச்சுக்கும் மெக்கட்ரானிக்குக்கும் ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளவில்லையென்றால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த வண்டியா என்று பார்ப்பது தனி வேலை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி நனைந்தவை துடைத்து, மணமூட்டி, வேறு ஊர்களில் விலைக்கு வருவது வழக்கம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சேற்றுக்கோடு இருந்தால் தெரியும். சீட்டுக்குக் கீழே அது நகரும் இரும்புத் தடத்தில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் மணல், ஃப்யூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பு, ஏசி போட்டதும் ஈர மண் வாடை. இவற்றில் எதைக் கண்டாலும் பேரம் வேண்டாம்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐம்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் ஸ்டீயரிங் தோல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, பிரேக் பெடல் ரப்பர் மழுங்கிவிட்டது என்றால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லிப் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும்.

பார்த்த அன்றே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்க சார்" என்பார்கள். வரட்டும்.

பேப்பர் வேலை

காரைக்கால் பக்கத்தில் இருப்பதால் பிஒய்-02 எண் வண்டிகள் நம் சாலைகளில் நிறைய. புதுச்சேரியில் வரி குறைவு என்று அங்கே பதிவு செய்தவை. விலையும் குறைவாகத் தெரியும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டப்படி வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அந்த வரியைத் திருவாரூர் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்பே விசாரித்து விலையோடு கூட்டிப் பாருங்கள். உள்ளூர் டிஎன்-50 எண் வண்டியைவிட மலிவாக இல்லாமலும் போகலாம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலம் அல்லது வேறு ஆர்டிஓ என்றால் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28. ஆர்சி-யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் அதை நீக்கப் படிவம் 35-ம் வங்கிக் கடிதமும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். புரோக்கர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். பரிவாகன் தளத்தில் உங்கள் பெயரைக் கண்ணால் பார்க்கும் வரை மீதிப் பணத்தில் ஒரு பகுதி உங்களிடமே இருக்கும்படி பேசி முடியுங்கள்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் மோதினால், எதிர்த்தரப்புக்கான பாதுகாப்பு இருக்கும், உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கிடைக்காது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. கிளெய்மில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு இந்த வயது வண்டிக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை டெல்டாக்காரர் கட்டாயம் எடுக்க வேண்டும். தண்ணீர் புகுந்து இன்ஜின் உடைவதைச் சாதாரண பாலிசி ஏற்பதில்லை.

டெல்டா நாட்காட்டி

கையேட்டில் உள்ள சர்வீஸ் அட்டவணை பொதுவானது. நம் ஊருக்கு வேறு நாட்காட்டி உண்டு. விவசாயியின் நாட்காட்டியையே காருக்கும் வையுங்கள், மறக்காது.

சித்திரைக்கு முன்: கூலன்ட். தண்ணீர் தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குடவாசலில் சங்க காலத்துச் சாட்சியே இருக்கிறது. குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் உடனே வராமல் பிறகு வந்தபோது, அதைக் குடிக்காமலே உயிர் விட்டான் என்கிறது புறநானூற்றுக் குறிப்பு. டர்போ இன்ஜினும் அதே ரோஷக்காரன்தான். சூட்டு முள் சிவப்பைத் தொட்ட பிறகு ஊற்றும் தண்ணீரால் பயனில்லை. வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். கம்பெனி சொன்ன கூலன்ட்டைத்தான் ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி: இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர். கையேடு 15,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும் டர்போ வண்டிக்கு 7,500-லேயே ஆயிலை மாற்றுங்கள். ஓட்டம் குறைவு என்றாலும் வருடம் ஒருமுறை கட்டாயம். கடைக்காரர் கையில் கிடைத்ததை ஊற்றாதபடி, கையேட்டில் உள்ள ஆயில் தரக் குறியீட்டை எழுதிக் கொடுங்கள்.

ஆயுதபூஜைக்கு முன்: வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். வைப்பர், பேட்டரி, டயர், கதவு ரப்பர் எல்லாம் பார்த்துவிடுங்கள். மழையில் சாலையில் நிற்கும் தண்ணீர் சக்கரத்தின் பாதியைத் தொட்டால் இறங்காதீர்கள். தாழ்ந்த வேக காரில் காற்று இழுக்கும் குழாய் நீங்கள் நினைப்பதைவிடக் கீழே இருக்கும். தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. முதல் தடவை தண்ணீர் புகுந்திருக்கும், இரண்டாம் தடவை கனெக்டிங் ராட் வளையும்.

தையும் மாசியும்: சம்பா அறுவடை. சாலையின் பாதியில் நெல் காயும், மறு பாதியில் வைக்கோல் கிடக்கும். நெல் மேல் ஏற்றினால் விவசாயி திட்டுவார், அது நியாயம். வைக்கோல் மேல் ஏற்றினால் வேறு ஆபத்து. வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பட்டுத் தீப்பிடிக்கும். சுற்றி வர வழியில்லையென்றால், தாண்டியதும் நிறுத்திக் குனிந்து பாருங்கள். வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தவே வேண்டாம்.

அறுவடை முடிந்ததும் வயல் எலி ஊருக்குள் வரும். வயலில் அதற்குத் தஞ்சாவூர் கிட்டி என்ற பொறி வைப்பார்கள், போனட்டுக்குள் கிட்டி வைக்க முடியாது. இந்த வண்டிகளில் ஒரு சென்சார் ஒயரைக் கடித்தாலே டாஷ்போர்டு திருவிழா மாதிரி எரியும். வாரக் கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். காருக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள். போனட்டை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வருடம் முழுக்க: ஸ்டார்ட் செய்ததும் முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். விரட்டி ஓட்டினால், வீடு வரும் முன் கடைசி இரண்டு கிலோமீட்டரும் மெதுவாக வாருங்கள், டர்போ ஆறட்டும். குடவாசல் கடைத்தெரு நெரிசலில் டிஎஸ்ஜி வண்டியை அங்குலம் அங்குலமாக ஊர விடாதீர்கள். பிரேக்கை நன்றாக மிதித்து நில்லுங்கள், ஒரு வண்டி நீளம் இடம் கிடைத்ததும் ஒரேயடியாகப் போங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். கிளட்ச்சுக்குச் செலவழிப்பவர்கள் அவர்கள் இல்லை. இன்னொன்று, பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பலவும் அதற்கென்று செய்யப்பட்டவை இல்லை. எரிபொருள் குழாய், சீல், ஓ-ரிங் கசிகிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பெட்ரோலோடு மாதக் கணக்கில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

மெக்கானிக்கைக் கண்டுபிடிப்பது

கம்பெனி சர்வீஸ் சென்டர் வேண்டும். அதோடு, வேலை தெரிந்த தனி மெக்கானிக் ஒருவரும் கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்தில் வேண்டும். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கம்பெனி வண்டிக்கான ஸ்கேனர் வைத்திருக்கிறாரா? இதே கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியிருக்கிறாரா? பாகம் எங்கிருந்து வரவழைப்பார், எத்தனை நாளாகும்? மூன்றாவது கேள்விக்கு ஊர்ப் பெயரும் நாள் கணக்கும் சொல்கிறவர் வேலைக்காரர். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்கிறவரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கிடைத்தவரை வைத்துக்கொள்வதும் ஒரு திறமை. பாகத்தின் விலையில் பேரம் பேசலாம், கூலியில் பேசாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அது சந்தேகம் ஆகாது, கற்றுக்கொள்வது. இணையத்தில் பார்த்த வைத்தியத்தை அவரிடம் ஒப்பிக்காதீர்கள். என்ன சத்தம், எப்போது, எந்த வேகத்தில், ஏசி போட்டா போடாமலா என்று எழுதிக் கொடுங்கள். ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, பாக எண் எழுதி வையுங்கள். நாளை விற்கும்போது அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

இதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். ஐடிஐ-யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் இரண்டு வருடம் படித்து முடித்த டெல்டா இளைஞருக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. நல்ல ஸ்கேனர், பெயின்ட் கனம் அளக்கும் கருவி, எழுத்தில் அறிக்கை. வாங்குவதற்கு முன் வண்டியைப் பார்த்துச் சொல்ல ஒரு கட்டணம். ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு டேட்டா படிக்கிற கண்ணும் சேர்ந்தால், சென்னைக்கு பஸ் ஏறாமலே பிழைக்கலாம்.

எப்போது விற்பது

வாங்கும் நாளிலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு எண் எழுதுங்கள். ஒரு வருடத்தில் ரிப்பேர் செலவு வண்டியின் அன்றைய விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும். செலவு செய்துவிட்டோமே என்று மேலும் செலவு செய்வதுதான் பலரையும் கவிழ்க்கிறது. உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது வயலுக்குச் சரி. சோறு போடும் வயலுக்காகக் கணக்கை மறக்கலாம். காருக்கு அந்தச் சலுகை கிடையாது. விற்கும்போது குறைகளைச் சொல்லி விற்றுவிடுங்கள். வாங்குகிறவர் அநேகமாக உங்களுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

இவ்வளவும் படித்த பிறகும் அந்தச் சிவப்புப் போலோ கண்ணை விட்டுப் போகவில்லையென்றால், முதல் ஃபோன் விற்பவருக்குப் போட வேண்டாம், மெக்கானிக்குக்குப் போடுங்கள். "அண்ணே, ஒரு வண்டி வந்திருக்கு, வாங்கலாமா?" ஃபோனிலேயே வாங்கு என்று சொன்னால் வேறு மெக்கானிக்கைத் தேடுங்கள். "ஞாயித்துக்கிழமை காலைல சேர்ந்து போய்ப் பாப்போம் தம்பி, ஸ்கேனரை எடுத்துக்கிறேன்" என்றால் சரியான ஆள். அவருடைய ஒரு நாள் கூலி, டிபன், டீ எல்லாம் உங்கள் செலவு. அதுதான் இந்த வண்டிக்கு நீங்கள் செய்யும் முதல் செலவாக இருக்கட்டும்.